தூங்காத டாக்டர்கள்

மருத்துவ மேற்படிப்பு மாணவர்கள் தொடர்ந்து 36 மணி நேரம் வேலை பார்ப்பது இந்திய மருத்துவமனைகளில் சகஜம். இது டாக்டருக்கும் ஆபத்து, நோயாளிக்கும் ஆபத்து என்கின்றன ஆராய்ச்சிகள். ஆனால் நேரத்தை மட்டும் குறைத்தால் போதாது என்பதும் அவை சொல்லும் பாடம்தான்.

விடியற்காலை நாலு மணி. பெரிய அரசு மருத்துவமனை ஒன்றின் பொது மருத்துவ வார்டு. கட்டில் கிடைக்காதவர்கள் தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள். அவர்களைத் தாண்டித் தாண்டி வருகிறார் எம்.டி. முதலாம் ஆண்டு படிக்கும் டாக்டர். முந்தைய நாள் காலை எட்டு மணிக்கு வார்டுக்குள் நுழைந்தவர். காஷுவாலிட்டியிலிருந்து புது நோயாளிகள் வந்துகொண்டே இருக்கிறார்கள். ரத்தம் எடுக்க வேண்டும். சாம்பிளை லேபுக்கு அனுப்ப வேண்டும். கேஸ் ஷீட் எழுத வேண்டும். ஆள் இல்லாத நேரத்தில் ஸ்ட்ரெச்சரையும் அவரே தள்ள வேண்டும்.

மறுபடி காலை எட்டு மணி ஆனாலும் அவர் வீடு திரும்ப முடியாது. பேராசிரியர் ரவுண்ட்ஸ் வருவார். அது முடிந்தால் புறநோயாளிகள் பிரிவு. அன்று மாலை வேலை எல்லாம் முடிந்து ஹாஸ்டல் கட்டிலில் சாயும்போது 36 மணி நேரம் ஓடியிருக்கும். டெல்லி, மும்பை, சென்னை, லக்னோ என்று ஊர் மாறலாம்; காட்சி பெரிதாக மாறாது.

இது தவறு என்று அரசுக்குத் தெரியாதா? தெரியும். 1992ஆம் ஆண்டே தெரிந்திருக்கிறது. அந்த ஆண்டு ஜூன் 5ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் பிறப்பித்த ரெசிடென்சி திட்ட உத்தரவு மிகத் தெளிவானது. தொடர்ச்சியான பணி சாதாரணமாக நாளொன்றுக்கு 12 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. வாரத்துக்கு 48 மணி நேரம்தான். சுழற்சி முறையில் வாரம் ஒரு நாள் விடுமுறை. உத்தரவு இன்றும் காகிதத்தில் பத்திரமாக இருக்கிறது. டூட்டி பட்டியல் மட்டும் வேறு கணக்கில் ஓடுகிறது.

முப்பது ஆண்டுகள் கழித்து வந்த விதியோ இன்னும் விசித்திரம். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு மேற்படிப்பு விதிமுறைகள், மாணவர்கள் 'நியாயமான நேரம்' வேலை செய்வார்கள், அவர்களுக்கு 'நியாயமான ஓய்வு' தரப்படும் என்கின்றன. எத்தனை மணி நேரம் நியாயம்? அதற்கு விடை இல்லை. 1992ல் எண் இருந்த இடத்தில் இப்போது ஒரு பெயரடை உட்கார்ந்திருக்கிறது.

விழித்தெழுந்த நாடு

இந்த விவகாரம் மருத்துவக் கல்லூரிச் சுவர்களைத் தாண்டி வெளியே வந்தது ஒரு கொடூரத்தால். 2024 ஆகஸ்ட் 9ஆம் தேதி கொல்கத்தாவின் ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில், நீண்ட டூட்டிக்கு நடுவே செமினார் அறைக்கு ஓய்வெடுக்கப் போன 31 வயது பெண் டாக்டர் பலாத்காரம் செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். நாடு முழுக்க டாக்டர்கள் தெருவுக்கு வந்தார்கள். முதலில் எழுந்தது பாதுகாப்புக் கேள்வி. உடனே இன்னொன்றும் எழுந்தது: இரவெல்லாம் வேலை பார்க்கிற டாக்டருக்குப் படுக்க ஒரு அறை கூடவா இல்லை?

வழக்கைத் தானாக முன்வந்து எடுத்துக்கொண்ட சுப்ரீம் கோர்ட், பயிற்சி டாக்டர்கள் 36 மணி நேரம், 48 மணி நேரம் தொடர்ந்து வேலை செய்வது மனிதத்தன்மையற்றது என்று கண்டித்தது. டூட்டி நேரத்தைச் சீர்படுத்தும் வழியையும் ஆராயும்படி தான் அமைத்த தேசியப் பணிக்குழுவிடம் சொன்னது.

ஏறக்குறைய அதே சமயத்தில் வெளியானது தேசிய மருத்துவ ஆணையத்தின் இன்னொரு குழு தயாரித்த அறிக்கை. மருத்துவ மாணவர்களின் மனநலம் பற்றியது. ஆன்லைனில் கேள்விகளை அனுப்பி, விருப்பப்பட்டவர்கள் பதில் சொன்ன சர்வே அது. ஆகவே அதன் சதவிகிதங்களை நாட்டுக் கணக்காக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் பதில் சொன்ன மேற்படிப்பு மாணவர்கள் 5,337 பேர். அவர்களில் 31 சதவிகிதத்தினர் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வாராந்திர விடுமுறை ஒழுங்காகக் கிடைப்பதில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஆணையம் தந்து, 2024ல் வெளியான கணக்கு இன்னும் கசப்பானது. அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் தற்கொலை செய்துகொண்ட மருத்துவ மாணவர்கள் 122 பேர். அவர்களில் 58 பேர் மேற்படிப்பு மாணவர்கள். படிப்பைப் பாதியில் விட்டவர்கள் 1,270 பேர். அதில் எம்.பி.பி.எஸ். மாணவர்கள் 153 பேர்தான்; மீதி 1,117 பேரும் மேற்படிப்பு மாணவர்கள். நுழைவுத் தேர்வில் லட்சக்கணக்கானவர்களோடு மோதி வாங்கிய சீட்டை ஒருவர் விட்டுவிட்டுப் போகிறார் என்றால், உள்ளே ஏதோ சரியில்லை.

குருவின் ரகசியம்

'ரெசிடென்ட்' என்ற சொல்லுக்கு, குடியிருப்பவர் என்று பொருள். 1889ல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறக்கப்பட்டது. அங்கே மருத்துவத்துக்கு வில்லியம் ஆஸ்லரும் அறுவை சிகிச்சைக்கு வில்லியம் ஹால்ஸ்டெட்டும் உருவாக்கிய பயிற்சி முறைதான் பிறகு உலகெங்கும் பரவியது. இளம் டாக்டர் மருத்துவமனையிலேயே தங்க வேண்டும். இரவு பகல் பாராமல் நோயாளியைக் கவனிக்க வேண்டும். கல்யாணப் பேச்சையே எடுக்காமல் இருந்தால் நல்லது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஹால்ஸ்டெட் 1884 வாக்கில் கோக்கெய்னை மரத்துப்போகச் செய்யும் மருந்தாகத் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்து, அந்தப் பழக்கத்துக்கு அடிமையானவர். களைப்பே தெரியாத குருவை முன்மாதிரியாக வைத்துப் பிறந்த முறை இது.

நூறு ஆண்டுகள் இதை யாரும் கேள்வி கேட்கவில்லை. 1984 மார்ச்சில் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் காய்ச்சலோடு சேர்க்கப்பட்ட லிபி ஸயான் என்ற 18 வயதுப் பெண் சில மணி நேரத்தில் இறந்துபோனாள். அவள் ஏற்கெனவே சாப்பிட்டு வந்த மருந்தோடு, மருத்துவமனையில் கொடுத்த ஊசி மருந்து மோதியிருக்கலாம் என்று சந்தேகம் எழுந்தது. அன்றிரவு அவளைக் கவனித்த முதலாம் ஆண்டு டாக்டரின் பொறுப்பில் சுமார் 40 நோயாளிகள். பத்திரிகையாளரான அப்பா விடவில்லை. விசாரித்த கிராண்ட் ஜூரி, டாக்டர்கள் மேல் குற்றம் சாட்டாமல் பயிற்சி முறையின் மேல் குற்றம் சொன்னது. 1989ல் நியூயார்க் மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம், தொடர்ந்தாற்போல் 24 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. 2003ல் அமெரிக்கா முழுவதற்கும் 80 மணி நேர வரம்பு வந்தது. ஐரோப்பிய நாடுகள் 2009ல் பயிற்சி டாக்டர்களுக்கும் 48 மணி நேரம் என்று நிர்ணயித்தன. 1992ல் இந்தியா எழுதி வைத்த அதே எண்!

போதையும் தூக்கமும்

தூக்கமின்மையை அளக்க முடியுமா? 1997ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இருவர் 40 பேரை வைத்து அளந்து காட்டினார்கள். ஒரு தடவை அவர்களைத் தூங்கவிடாமல் வைத்து, கண்ணும் கையும் ஒத்துழைக்கும் திறனைச் சோதித்தார்கள். இன்னொரு தடவை மது கொடுத்து அதே சோதனை. 17 மணி நேரம் விழித்திருந்தவரின் தடுமாற்றம், 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 50 மில்லி கிராம் மது உள்ளவரின் தடுமாற்றத்துக்குச் சமமாக இருந்தது. 24 மணி நேரம் விழித்திருந்தால் அது ஏறக்குறைய 100 மில்லி கிராமுக்குச் சமம்.

நமது மோட்டார் வாகனச் சட்டம் வண்டி ஓட்டுபவருக்கு அனுமதிக்கும் அளவு 30 மில்லி கிராம். ஸ்கூட்டர் ஓட்டவே தகுதியில்லாத நிலையில் இருப்பவர் கையில் நாம் ஊசியையும் கத்தியையும் கொடுத்திருக்கிறோம்.

2004ல் பாஸ்டன் நகரில், தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் வேலை பார்த்த முதலாம் ஆண்டு டாக்டர்களை வைத்து நடந்த ஆராய்ச்சி இதை வார்டுக்குள்ளேயே நிரூபித்தது. 24 மணி நேரத்துக்கு மேல் டூட்டி பார்க்கும் பழைய முறை ஒரு பக்கம். அதிகபட்சம் சுமார் 16 மணி நேரம் என்ற புதிய முறை இன்னொரு பக்கம். பழைய முறையில் கடுமையான தவறுகள் 36 சதவிகிதம் அதிகம். நோயைக் கண்டுபிடிப்பதில் நேர்ந்த கடுமையான தவறுகள் ஐந்து மடங்குக்கும் மேல். அடுத்த ஆண்டு வெளிவந்த மற்றொரு ஆய்வு, நீண்ட டூட்டி முடித்து வண்டியோட்டிக்கொண்டு வீடு திரும்பும் டாக்டர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் அதிகம் என்று காட்டியது.

இவ்வளவு தெரிந்த பிறகு விவாதம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 2011ல் அமெரிக்கா முதலாம் ஆண்டு டாக்டர்களுக்கு 16 மணி நேர வரம்பு விதித்தது. பேராசிரியர்கள் முனகினார்கள். அறுவை சிகிச்சைக்கு நடுவில் கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்புகிறவன் எப்படி சர்ஜன் ஆவான்? ஒரு டாக்டர் போய் இன்னொருவர் வந்தால், சொல்ல வேண்டியது விட்டுப்போகாதா?

இதையும் சோதித்துவிடலாம் என்று இறங்கினார்கள். அமெரிக்காவின் 117 அறுவை சிகிச்சைப் பயிற்சி மையங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். வாரத்துக்கு 80 மணி நேரம் என்பது இருவருக்கும் பொது. ஒரு பிரிவில் தினசரி வரம்பு கண்டிப்பானது, மற்றதில் தளர்த்தப்பட்டது. 2016ல் முடிவு வெளியானது: நோயாளிகளின் இறப்பிலும் கடுமையான சிக்கல்களிலும் வித்தியாசம் இல்லை. 63 பொது மருத்துவப் பயிற்சி மையங்களில் நடந்த இன்னொரு பரிசோதனையும் நோயாளிகளின் இறப்பு விஷயத்தில் அதையே சொன்னது. 2017ல் 16 மணி நேர வரம்பு நீக்கப்பட்டு, மறுபடி 24 மணி நேரம் வந்தது. நோயாளிகளை அடுத்தவரிடம் ஒப்படைக்கக் கூடுதலாக நாலு மணி நேரம் வரை அனுமதி.

திருப்புமுனை

எல்லோரையும் யோசிக்க வைத்தது 2020ல் வெளியான பரிசோதனை. குழந்தைகளுக்கான ஆறு தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நீண்ட டூட்டியை எடுத்துவிட்டுக் குறுகிய டூட்டி கொண்டுவந்தார்கள். தவறுகள் குறையும் என்றுதான் எதிர்பார்ப்பு. நடந்தது நேர்மாறு: குறுகிய டூட்டியில் தவறுகள் அதிகமாயின!

அப்படியானால் தூக்கம் முக்கியமில்லையா? விஞ்ஞானிகள் கணக்கைக் கிளறியபோது காரணம் அகப்பட்டது. டூட்டி நேரத்தைக் குறைத்தவர்கள் டாக்டர்களின் எண்ணிக்கையை அதற்கேற்பக் கூட்டவில்லை. பழைய முறையில் ஒரு டாக்டருக்குச் சராசரியாக 6.7 நோயாளிகள். புதிய முறையில் 8.8. ஒவ்வொருவர் தலையிலும் விழுந்த சுமையைக் கணக்கில் எடுத்துக்கொண்டபோது அந்த வித்தியாசம் மறைந்துபோனது. தூங்கி எழுந்து தெளிவாக வந்தவரும், அளவுக்கு மீறி நோயாளிகளைத் தலையில் கட்டினால் தடுமாறுகிறார்.

அமெரிக்காவின் தீவிர சிகிச்சைப் பிரிவில் 8.8 நோயாளிகளே தாங்காது என்றால், தரையில் பாய் விரித்த வார்டைப் பற்றி என்ன சொல்வது? நமது விவாதம் இதுவரை மணிக்கணக்கிலேயே நின்றுவிட்டது. தலைக்கு எத்தனை நோயாளி என்பதை யாரும் கேட்பதில்லை. 1992 உத்தரவு ஏன் ஏட்டுச் சுரைக்காய் ஆனது என்பதற்கும் இங்கேதான் விடை. அது நேரத்தைக் குறைத்தது. அந்த நேரத்தில் வேலையைச் செய்ய ஆள் யார் என்ற கேள்வி அப்படியே நின்றது. ரத்தம் எடுக்க டெக்னீஷியன், ஸ்ட்ரெச்சர் தள்ள ஊழியர், இரவில் கூடவே இருக்கும் சீனியர் டாக்டர் என்று நியமிக்காத இடங்களையெல்லாம் நிரப்புவது மேற்படிப்பு மாணவர்தான். படிக்க வந்தவர் என்று விதி சொல்கிறது. வேலைக்கு வந்தவர் என்று வார்டு சொல்கிறது.

மேற்படிப்பு இடங்கள் கூடியிருக்கின்றன என்பது உண்மை. 2014க்கு முன் 31,185ஆக இருந்தவை 2024ல் 70,000ஐத் தாண்டிவிட்டன. ஆனால் புதிய கல்லூரிகளும் புதிய படுக்கைகளும் சேர்ந்தே வந்தன. இடங்கள் கூடியதால் ஒரு மாணவரின் சுமை எவ்வளவு குறைந்தது என்பதை டூட்டி பட்டியலையும் அட்மிஷன் ரிஜிஸ்டரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

ஒப்படைக்கும்போது தகவல் விட்டுப்போகும் என்ற பேராசிரியர்களின் பயத்துக்கும் மருந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒன்பது மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவுகளில் டூட்டி மாறும்போது சொல்ல வேண்டியதை ஒரே வரிசையில் சொல்லப் பழக்கினார்கள். நோயாளியின் நிலை எவ்வளவு மோசம், சுருக்கமான கதை, செய்ய வேண்டியவை, என்ன நேரலாம், கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்வது. அவ்வளவுதான். 2014ல் வந்த முடிவின்படி தவறுகள் 23 சதவிகிதம் குறைந்தன. இதற்குப் புது மெஷின் வேண்டாம், வெளிநாட்டு மருந்து வேண்டாம்.

அலமாரியில் தூங்கும் ஆராய்ச்சி

இந்த எண்களெல்லாம் அமெரிக்க வார்டுகளில் எடுத்தவை. இந்திய வார்டுக்கு இந்திய எண் வேண்டும். அதை எடுக்க ஆள் இல்லையா என்றால், உலகத்தில் வேறு எங்கும் காண்பது அரிதான ஒரு படையே இங்கு இருக்கிறது. எம்.டி., எம்.எஸ். படிக்கும் ஒவ்வொருவரும் ஆராய்ச்சி செய்து தீசிஸ் எழுத வேண்டும். தேர்வுக்கு ஆறு மாதம் முன்பே அதைச் சமர்ப்பிக்க வேண்டும். ஆராய்ச்சி முறை பற்றிய பாடமும் இப்போது கட்டாயம். அப்படிப் பார்த்தால் ஆண்டுதோறும் பல்லாயிரம் ஆராய்ச்சிகள்.

அவை எங்கே போகின்றன? டெல்லி சர் கங்காராம் மருத்துவமனையின் சர்ஜன் சமீரன் நந்தியும் அவரது சகாக்களும் 2005 முதல் 2014 வரை இந்தியாவின் 579 மருத்துவ நிறுவனங்கள் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகளை எண்ணினார்கள். 332 நிறுவனங்கள், அதாவது 57 சதவிகிதம், பத்து ஆண்டுகளில் ஒரு கட்டுரை கூட வெளியிடவில்லை. நாட்டின் மொத்தக் கட்டுரைகளில் 40 சதவிகிதம் வெறும் 25 நிறுவனங்களிலிருந்து வந்தவை. பிற கல்லூரிகளின் தீசிஸ்கள் பைண்டு செய்யப்பட்டு, தங்க எழுத்து பொறிக்கப்பட்டு, நூலக அலமாரியில் நிம்மதியாகத் தூங்குகின்றன. எழுதியவருக்குத்தான் அந்த பாக்கியம் இல்லை.

காரணம் சோம்பேறித்தனம் அல்ல. வாரத்துக்கு 80, 90 மணி நேரம் வார்டில் கழிப்பவர் நள்ளிரவில் உட்கார்ந்து எழுதும் தீசிஸ் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும். பேராசிரியர் கொடுத்த தலைப்பு, சீனியர் எழுதிய பழைய பிரதி, அவசரமாகச் சேர்த்த புள்ளிவிவரம். தூக்கமின்மை நோயாளியை மட்டும் பாதிக்கவில்லை. நாட்டின் மருத்துவ ஆராய்ச்சியையும் அடிவேரில் கடிக்கிறது.

நல்ல கேள்விகள் கூட்டம் நிறைந்த வார்டிலிருந்துதான் பிறக்கின்றன. 1971ல் வங்காளத்தின் பன்காவ் அகதி முகாமில் சலைன் பாட்டில் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மஹலனபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்துக் காலராச் சாவுகளைப் பெருமளவு குறைத்தார். கொடுத்ததோடு நிற்கவில்லை, எண்ணினார், எழுதி வெளியிட்டார். அதனால்தான் உலகம் நம்பியது.

பைலட்டுக்கு ஒரு நீதி

மனநலக் குழுவின் சிபாரிசு வாரத்துக்கு 74 மணி நேரம். ஒரு நாள் 24 மணி நேர டூட்டி, ஐந்து நாள் பத்துப் பத்து மணி நேரம், ஒரு நாள் விடுமுறை. இது 1992 உத்தரவை விட 26 மணி நேரம் அதிகம். ஆனாலும் இன்றைய நிலையில் இதுவே பெரிய முன்னேற்றம் என்பதுதான் சோகம். 74 மணி நேரமோ 48 மணி நேரமோ, யார் கண்காணிப்பது என்று முடிவாகாதவரை இதுவும் அலமாரிக்குத்தான் போகும்.

இந்தியாவில் களைப்பைச் சட்டமாகப் பார்க்கத் தெரியாமல் இல்லை. விமானிகளின் வாராந்திர ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்த்தி 2024 ஜனவரியில் விதி வகுத்தது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். விமானிக்கு ஓய்வாக 36 மணி நேரம் போதாது என்று முடிவு செய்த அதே நாட்டில்தான், டாக்டருக்கு டூட்டி 36 மணி நேரம். விமானம் விழுந்தால் ஊருக்கே தெரியும். வார்டில் மாறிப்போன ஒரு டோஸ் கேஸ் ஷீட்டோடு மூடப்படும்.

செய்ய வேண்டியது மலையைப் புரட்டும் வேலை அல்ல. ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் மூன்று எண்களை மாதாமாதம் எழுதி வெளியிடலாம்: பயிற்சி டாக்டர் ஒருவர் தொடர்ந்து வேலை செய்த அதிகபட்ச மணி நேரம், இரவில் ஒரு டாக்டருக்கு எத்தனை நோயாளிகள், எத்தனை பேருக்கு வாராந்திர விடுமுறை கிடைத்தது. கல்லூரிக்கு அங்கீகாரம் தர வரும் ஆணையம் கட்டடத்தையும் பேராசிரியர் எண்ணிக்கையையும் பார்ப்பதுபோல இந்த மூன்றையும் பார்க்கலாம். இதையே தீசிஸ் தலைப்பாக எடுத்து, தங்கள் வார்டில் டூட்டி நேரமும் சுமையும் மாறும்போது தவறுகள் எப்படி மாறுகின்றன என்று பத்துக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து ஒரே முறையில் எண்ணினால், நாட்டுக்கே பயன்படும் ஆராய்ச்சி கிடைத்துவிடும். அதற்கு முன்நிபந்தனை ஒன்றுதான். தவறை ஒப்புக்கொள்ளும் மாணவரைத் தண்டிக்கக்கூடாது.

அதுவரை வார்டில் மணி நாலரை ஆகிக்கொண்டிருக்கும். இன்னொரு ஸ்ட்ரெச்சர் உள்ளே வரும். கண்ணைக் கசக்கிக்கொண்டு அந்த டாக்டர் எழுந்து நடப்பார். ஸ்ட்ரெச்சரில் கிடப்பவருக்கு அவர் எப்போது கடைசியாகத் தூங்கினார் என்று தெரியாது.